சிங்குவா: வெளியே அனுப்பக் கட்டிய பள்ளி

இரவு நேரத்தில் பெய்ஜிங்கில் இறங்குபவர்கள் இதை முதலில் படித்துவிடுங்கள். விமான நிலைய வாசலில் "டாக்ஸி, டாக்ஸி" என்று காதருகே வந்து கிசுகிசுப்பவர் யாராக இருந்தாலும் நின்று பேசாதீர்கள். என்னிடம் வந்த ஆள் கால்குலேட்டரில் 400 என்று தட்டிக் காட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டதும் 350. வரிசையில் கால் கடுக்க நின்று மீட்டர் வண்டி பிடித்தேன், அதில் பாதிகூட ஆகவில்லை. 350 யுவான் என்றால் நம்மூர்க் காசுக்கு நாலாயிரத்துக்கும் மேல். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சரி, போனது சிங்குவா பல்கலைக்கழகத்துக்கு. என் சித்தி மகன் அங்கே முதுகலை படிக்கிறான். வழி, செலவு, நேரம் எல்லாம் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த இடத்தின் கதை அதைவிடச் சுவாரஸ்யமாக இருக்கிறது.

வெளிநாட்டவரை எதிர்த்துச் சீனர்கள் நடத்திய பாக்சர் கிளர்ச்சிக்கு அபராதமாக 1901இல் வெளிநாடுகள் சீனாவின் தலையில் 45 கோடி டேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளியைக் கட்டின. அமெரிக்கா தன் பங்கை அளவுக்கு மிஞ்சி வாங்கிவிட்டதாக ஒப்புக்கொண்டு, 1908இல் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது. சும்மா இல்லை, அந்தப் பணத்தில் சீன மாணவர்கள் அமெரிக்கா வந்து படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1909இல் தேர்வெழுதி 47 பேர் கப்பல் ஏறினார்கள். அடுத்த ஆண்டு 70 பேர். அந்த எழுபதில் பின்னாளில் பெரும் அறிஞரான ஹூ ஷியும், மொழியியலாளர் ஜாவ் யுவான்ரென்னும் உண்டு. இப்படிப் போகிறவர்களைத் தயார்படுத்த 1911இல் திறந்த பள்ளிதான் சிங்குவா. நம்மிடம் பிடுங்கிய காசிலேயே நமக்குப் படிப்பு என்பதைப் பெருந்தன்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய வாசல் வெள்ளை வளைவு. 1966இல் மாவோவின் கலாச்சாரப் புரட்சியில் இறங்கிய செங்காவலர் இளைஞர்கள் இடித்துத் தள்ளியதை 1991இல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். படம் எடுக்க நிற்கும் கூட்டத்தில் நம் முறை வருவதற்குள் வெயில் மண்டையைப் பிளந்துவிடும். தாகூர்கூட 1924இல் சீனா வந்தபோது இங்கே தங்கி மாணவர்களிடம் பேசியிருக்கிறார்.

எதிர்த்திசைப் போக்குவரத்து 1950இல்தான் சூடுபிடித்தது. மக்கள் சீனம் பிறந்த மறு ஆண்டே போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா என ஐந்து நாடுகளிலிருந்து 33 மாணவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். புதிய சீனாவின் முதல் வெளிநாட்டு மாணவர்கள் இவர்கள்தான். முதலில் மொழி, அப்புறம்தான் பாடம். சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர் தெங் யீ என்ற பெண்மணி. அவர் ஹார்வர்டில் சீன மொழி கற்பித்தபோது கூட இருந்தவர் யார் தெரியுமா? 1910இல் கப்பல் ஏறிய அதே ஜாவ் யுவான்ரென்! வெளியே போன படிப்பு நாற்பது வருடம் கழித்து அதே வளாகத்துக்கு வேறு வேலைக்குத் திரும்பியிருக்கிறது. அந்த 33 பேரில் ஒருவரான ருமேனியாவின் ரோமுலஸ் புதுரா பிற்காலத்தில் பெய்ஜிங்குக்கே தூதராக வந்தார். 1952இல் சோவியத் பாணியில் கல்லூரிகளைப் பிரித்து மாற்றியபோது அந்த வெளிநாட்டு மாணவர்களின் மொழி வகுப்பைப் பக்கத்துப் பீக்கிங் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பசி எடுத்ததும் வரலாறு நின்றது. மாணவர் உணவுக்கூடத்தில் மாலா ஷியாங்குவோ. தாமரைத் தண்டு, உருளை, மரக்காளான், டோஃபுத் தோல் என்று இடுக்கியால் நாமே கிண்ணத்தில் எடுத்துப் போட வேண்டும். எடை போட்டுக் காசு வாங்கிக்கொண்டு, வரமிளகாயோடு பெரிய வாணலியில் பிரட்டித் தருகிறார்கள். "அண்ணா, நடுக்காரம் போதும்" என்றான் தம்பி. ஆந்திரா மெஸ்ஸில் வளர்ந்த எனக்கா என்று முழுக்காரம் கேட்டேன். காரம் பிரச்சினையே இல்லை. ஆனால் சிச்சுவான் மிளகு நாக்கை மரத்துப்போக வைத்து, தண்ணீர் குடித்தால் புளிக்கிற மாதிரி ஒரு மாயம் காட்டியது. 28 யுவான். பயணத்திலேயே சிறந்த சாப்பாடு இதுதான், சந்தேகமே இல்லை. பக்கத்து மேஜையில் கஜகஸ்தான், எத்தியோப்பியா, தாய்லாந்து மாணவர்கள் சீனத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், தேர்வு விஷயமாம்.

2016இல் திறந்த ஷ்வார்ட்ஸ்மன் கல்லூரியையும் வெளியிலிருந்து பார்த்தேன். அமெரிக்கக் கோடீஸ்வரர் பெயரில் நடக்கும் ஓராண்டு முதுகலை. இப்போது அமெரிக்கப் பிள்ளைகள் இங்கே வந்து படிக்கிறார்கள். கட்டடம் என்னவோ ஐந்து நட்சத்திர ஓட்டல் மாதிரி, எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது வூதாவ்கோவ் மெட்ரோ நிலையம் வரை நடந்தே போங்கள், காசு மிச்சம். 2016 வரை அங்கே ரயில்வே கேட் இருந்தது. அந்தப் பெய்ஜிங் - ஜாங்ஜியாகோவ் பாதையை 1909இல் கட்டி முடித்தவர் ஜான் தியான்யோவ். 1872இல் தொடங்கிச் சீன அரசு அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய 120 சிறுவர்களில் அவர் ஒருவர், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதே 120 பேரில் இன்னொருவரான தாங் குவோஆன் 1912இல் சிங்குவாவின் முதல் தலைவரானார்.

செலவுக் கணக்கு பாக்கி இருக்கிறது. வளாகத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. முன்பதிவு கட்டாயம், பாஸ்போர்ட் வேண்டும். உள்ளே படிக்கும் ஆள் தெரிந்தால் விருந்தினராகப் பதியச் சொல்லுங்கள், வேலை சுலபம். வாசலில் "நான் கூட்டிப் போகிறேன், இவ்வளவு கொடு" என்று வருபவர்களுக்கும் விமான நிலையத்து ஆளுக்கும் வித்தியாசமில்லை.