கண்டாங்கி உடுத்தும் சுகம்

என்னிடம் இருக்கும் சேலைகளில் உடம்புக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், அரக்குச் சிவப்பில் கறுப்புக் கட்டமிட்ட என் காரைக்குடிக் கண்டாங்கியைத்தான் தயங்காமல் சொல்வேன். கண்ணுக்குப் பிடித்த சேலைகள் வேறு. அவற்றைக் கல்யாணத்துக்கும் விருந்துக்கும் பிறர் பார்ப்பதற்காக உடுத்துகிறேன். கண்டாங்கியை எனக்காகவே உடுத்துகிறேன். இடுப்பில் முதல் சுற்றுச் சுற்றியது முதல் இரவு களையும் வரை அது மேலே இருப்பது தெரிந்துகொண்டே இருக்கும். அப்படித் தெரிவதில்தான் எனக்கு அத்தனை சுகம்.

கெட்டியான பருத்தி நூலில் பெரிய பெரிய கட்டங்களும் அகன்ற கரையுமாகக் கைத்தறியில் நெய்யப்படும் இந்தச் சேலைக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு வருவதற்கு வெகுகாலம் முன்பே செட்டிநாட்டு வீடுகளில் ஆச்சிமார்கள் இதைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றி, பின்கொசுவம் வைத்து, நாள் முழுவதும் வேலை செய்யத் தோதாக உடுத்தியிருக்கிறார்கள். இரண்டு முற்றம் கடந்து அடுப்படிக்கு நடக்க வேண்டிய அந்த வீடுகளில், காலைத் தடுக்காத, நனைந்தாலும் கெடாத, இழுத்துச் செருகினால் செருகிய இடத்திலேயே நிற்கிற சேலைதான் தேவைப்பட்டிருக்கும்.

கஞ்சி போட்டு உலர்த்திய கண்டாங்கியின் மடிப்பைப் பிரிக்கும்போது எழும் சரசரப்பிலேயே என் சுகம் தொடங்கிவிடுகிறது. சோற்றுக்கஞ்சியும் காய்ந்த பருத்தியும் கலந்த ஒரு மணம், எந்த வாசனைத் தைலத்திலும் இல்லாத மணம், முகத்தருகே வரும். இடுப்பில் படும் முதல் சுற்று குளிர்ச்சியாகவும் சற்றே சொரசொரப்பாகவும் இருக்கும். பிறகு கொசுவம். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே ஒவ்வொரு மடிப்பாக எடுக்கும்போது துணி விரலுக்கு அடங்கி, எடுத்த மடிப்பு எடுத்தபடியே நிற்கும். வழுக்கிக்கொண்டு ஓடும் செயற்கைப் பட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த அடக்கத்தின் அருமை தெரியும். ஊசியே குத்தாமல் நான் உடுத்தும் சேலை இது. செருகி முடித்ததும் கரையின் கனம் கொசுவத்தைக் கீழ்நோக்கி இழுக்க, நடக்கும்போதெல்லாம் அது கெண்டைக்காலில் மெல்ல மோதி மோதி விலகும். படியேறும்போது அந்த மோதல் இன்னும் நன்றாகத் தெரியும். யாரும் இல்லாத மாடிப்படியில் அதற்காகவே நான் மெதுவாக ஏறுவதுண்டு.

சித்திரை வெயிலில் இத்தனை கெட்டியான சேலையா என்று என் தோழிகள் கேட்கிறார்கள். பருத்தி காற்றிலிருந்து மட்டுமே தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; பாலியெஸ்டர் 1 சதவீதம்கூட எடுத்துக்கொள்ளாது. வியர்வையை உறிஞ்சி மெல்ல மெல்லக் காற்றில் விடும்போது உடம்பின் சூடும் கூடவே போகிறது. அதோடு கஞ்சியின் விறைப்பால் சேலை தோலோடு ஒட்டாமல் சற்று விலகி நிற்பதால், உள்ளே எப்போதும் கொஞ்சம் காற்று நடமாடிக்கொண்டிருக்கும். நண்பகலில் முதுகு வேர்த்திருக்க, ஜன்னலோரக் காற்று முந்தானை வழியாக உள்ளே நுழையும் அந்த ஒரு கணத்துக்கு மின்விசிறியின் காற்றெல்லாம் ஈடாகாது.

மாலைக்குள் விறைப்பு முழுவதும் போய்விடும். காலையில் கட்டம் கட்டமாக நின்ற சேலை இப்போது தோளிலும் மடியிலும் குழைந்து கிடக்கும். முந்தானையை எடுத்து முகம் துடைத்தால் அத்தனை மிருது. ஒரே நாளில் இரண்டு சேலை உடுத்திய திருப்தி அது. கசங்கிவிட்டதே என்று இஸ்திரி போடத் துடிப்பவர்களை எனக்குப் புரிவதில்லை. அந்தக் கசங்கலில்தான் சேலை என் உடம்பின் வாகுக்கு முழுதாக வந்து சேர்கிறது.

இந்த மிருது வாங்கிய அன்றே கிடைத்துவிடுவதில்லை. புதுக் கண்டாங்கி முரட்டுத்தனமாக இருக்கிறது என்று நான் குறைப்பட்டபோது, "நாலு தண்ணி பாக்கட்டும் ஆத்தா, அப்புறம் நீயே விடமாட்டே" என்றார் என் அப்பத்தா. நனைந்தால் பருத்தி இழையின் வலு குறையாது, கூடவே செய்யும் என்பதால், துவைக்கத் துவைக்க நைந்து போகாமல் இளகி வரும் சேலை இது. முதல் சில துவையலைத் தனியாக, குளிர்ந்த நீரில் செய்ய வேண்டும். கஞ்சி நீர்க்க இருக்க வேண்டும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். அரக்குச் சேலை இப்போது நன்றாகப் பழுத்த பருவத்தில் இருப்பதால், அடுத்து ஒன்றைப் பழக்கத் தொடங்கியிருக்கிறேன். மஞ்சளில் கறுப்புக் கரை. இன்னும் முழங்கையில் உரசுகிறது. வெளியே உடுத்திப் போகாமல், வீட்டில் சமையலுக்கும் துணி மடிப்பதற்கும் அதையே உடுத்திக்கொண்டு இளக வைக்கிறேன்.