அமாவாசை பார்க்காமல் தேதி குறித்தேன்

எங்கள் ஊர் மன்னார் வளைகுடாப் பக்கம், மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில். அருங்காட்சியகம் என்று பெயர்ப்பலகைதான் பெரிது; உள்ளே இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும். ஊர்க்காரர்கள் கொடுத்த பழைய வலை, சங்கு, தராசு, பதநீர்க் கலயம், ஓலைப் பெட்டி எல்லாம் கண்ணாடிக்குள் தூங்குகின்றன. அவற்றைப் புழங்கியவர்களோ இன்னும் தெருவில் நடமாடுகிறார்கள். ஒரு சனி, ஞாயிறு அவர்களையே அழைத்துச் செய்து காட்டச் சொன்னால் என்ன என்று காட்சியகச் சங்கக் கூட்டத்தில் வாயைத் திறந்தது நான்தான். வாயைத் திறந்தவர் தலையில்தான் வேலை விழும் என்பது சங்கம் நடத்திய எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அன்றைக்கு மறந்துவிட்டது.

பள்ளி விடுமுறை என்று மே மாதத்தை எடுத்தோம். கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் உரிமையாளரான சம்மாட்டியிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளில்தான் டீச்சர் எங்கள் மீனுக்கு விலை. அப்போது வந்து வேடிக்கை காட்டச் சொல்கிறீர்களே!" அதோடு, அந்த நேரம் தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று எழும்பிவிடும், தென்கடல் கொந்தளிக்கும், பார்க்க வருகிறவர்களைக் கரையில் நிறுத்தவே முடியாது என்றார். நாற்பது வருடம் இதே கடற்கரையில் பாடம் நடத்தியிருக்கிறேன். இது எனக்குத் தோன்றவில்லை.

சரி, தேதியை முன்னால் இழுத்துப் பங்குனியில் வைத்தோம். காற்று அமைதி, பதநீரும் உண்டு. தேதி போட்டு 500 நோட்டீஸ் அடித்தாயிற்று. அதில் ஒன்றைக் கொண்டுபோய்க் கடலுக்குள் பாறைகளில் பாசி எடுக்கும் பெண்களிடம் கொடுத்தேன். குழுத் தலைவி நோட்டீஸைப் படிக்கவே இல்லை. சுவரில் தொங்கிய தினக் காலண்டரைப் பார்த்தார். "அக்கா, இது அமாவாசையை ஒட்டி வருகிறதே. மாதத்தில் அமாவாசைக்குச் சில நாள், பௌர்ணமிக்குச் சில நாள், அவ்வளவுதான் நாங்கள் பாசிக்குப் போவது. அதில் இரண்டு நாளை உங்களுக்குக் கொடுத்தால் அடுப்பு எரிய வேண்டாமா?"

ஒரு வாரம் தள்ளினோம். நீங்கள் இப்படி ஏதாவது செய்வதாக இருந்தால், முதலில் அமாவாசை, பௌர்ணமி, காற்று, தடைக்காலம். அப்புறம் பள்ளித் தேர்வு. எல்லாவற்றுக்கும் கடைசியில் அச்சகம். அந்த 500 நோட்டீஸின் பின்பக்கத்தில்தான் இப்போது எங்கள் வரவு செலவு எழுதுகிறோம்.

நோட்டீஸ் வீணானதும் ஒரு விதத்தில் நல்லதுக்கு. 'வத்தையில் கடல் உலா', அதாவது பாய் கட்டிய சிறு படகில் உலா, என்று ஆசையாக ஒரு வரி போட்டிருந்தோம். மீன்பிடிக்கப் பதிவு செய்த படகில் பொதுமக்களை, அதிலும் குழந்தைகளை, ஏற்றிப் போக முடியாது என்று பிறகுதான் உறைத்தது. இரண்டாவது நோட்டீஸில் 'கரையில் பாய் ஏற்றிக் காட்டுதல்' என்று மாற்றினோம்.

அனுமதிக் கடிதத்துக்கு வருகிறேன். ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினால் இருக்கை காலி. திங்கட்கிழமை, அதிகாரி குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். இதைத் தெரியாமல் போனது என் தப்பு. வியாழக்கிழமை போனேன், ஆள் இருந்தார். 'வாழும் வரலாறு' என்ற தலைப்பை இரண்டு முறை படித்துவிட்டு, "யாருடைய வரலாறு? ஏதாவது தலைவர் பிறந்த நாளா?" என்றார். வலை இழுப்பது, ஓலை முடைவது, பதநீர் இறக்குவது என்று விளக்கினேன். "இதெல்லாம்தான் தினமும் நடக்கிறதே, இதற்கு எதற்கு மேடம் விழா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி என்று பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியது. அவர் முன்னால் நின்றபோது தோன்றவில்லை.

பிறகு சங்கப் பதிவைப் புதுப்பித்த ரசீது கேட்டார். இரண்டு ஆண்டாகத் தாக்கலே செய்யவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. கோப்பு முழுவதும் பழைய செயலாளரின் மகள் வீட்டுப் பரணில், மதுரையில். அதை எடுத்து வந்து, அபராதம் கட்டி, ரசீது வாங்க மூன்று வாரம். ஒலிபெருக்கி அனுமதி அரை மணி நேரத்தில் கிடைத்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது வேறு. எங்கள் அலமாரியில் காய்ந்த கடல் குதிரை இரண்டும், ஒரு கடல் விசிறியும், ஒரு பாட்டில் நிறைய, கடலடியில் வெள்ளரிக்காய் போலக் கிடக்கும் கடல் அட்டையும் இருந்தன. கொடுத்த பெரியவருக்கு அதில் அவ்வளவு பெருமை: ஒரு காலத்தில் அட்டையை வேகவைத்துக் காயவைத்துக் கப்பலேற்றிய குடும்பம். அதை மேசையில் வைத்து அவரையே பேசச் சொல்வதாகத் திட்டம். முன்னாள் மாணவன் ஒருவன் வனத்துறையில் இருக்கிறான். அலமாரியைப் பார்த்தவன் குரலைத் தாழ்த்தி, "டீச்சர், இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். 2001இலிருந்து புலிக்கு என்ன சட்டமோ அதேதான் கடல் அட்டைக்கும். வைத்திருப்பதே குற்றம்" என்றான். அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் கடிதம் எழுதி எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கினோம். பெரியவர் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவரே அட்டை வேகவைத்த பழைய அண்டாவைத் தூக்கி வந்தார். வெறும் அண்டாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்; கூட்டம் நகரவில்லை. உங்கள் ஊர்க் காட்சியகத்தில் சங்கு, சிப்பி, பவளம் என்று எது இருந்தாலும் முதலில் தெரிந்தவரை அழைத்துக் காட்டிவிடுங்கள்.

பனையேறி அண்ணன் வர மறுத்தார். கலயத்தோடு போனாலே வழியில் மடக்கிக் கள்ளா என்று மோந்து பார்க்கிறார்களாம். கள்ளுக்கு 1987 முதல் தடை. அவர் இறக்குவது பதநீர். ஆனாலும் தினமும் இதே பாடு. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, முத்திரை வைத்த நகலை அவர் கையில் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார். சனிக்கிழமை காலை தளைநாரைக் காலில் மாட்டி ஏறுவதற்கு முன் கலயத்துக்குள் கையை விட்டுச் சுண்ணாம்பைச் சுற்றித் தடவினார். விரல் நகம் வரை வெள்ளை. எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். "தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். எனக்கும் போலீஸுக்கும் நடுவில் இந்தச் சுண்ணாம்புதான்" என்றார். பாதுகாப்புக்கு வந்திருந்த காவலரும் சிரித்துவிட்டார்.

பாசிப் பெண்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: பொன்னாடை வேண்டாம், ஒரு நாள் பாசிக்கு என்ன கிடைக்குமோ அது வேண்டும், அன்று மாலையே கையில் வேண்டும். எங்கள் சங்கத்தில் சிலருக்கு முகம் சுருங்கியது. நான் பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஒதுக்கியதை அப்படியே கூலிக்கு மாற்றினேன். இதில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான். விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றி, நீந்தத் துடுப்பு போல உதவும் அலுமினியத் தட்டைக் காலில் கட்டி, மணலில் தட்டுத் தட்டென்று நடந்து காட்டினார்கள். துணியை அவிழ்த்தபோது விரல் முழுவதும் பாறை கிழித்த பழைய கோடுகள். அதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படவில்லை.

கரைவலை இழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தார்கள், பெரியவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பாடினார்கள். வலையின் மடியில் வந்தது கொஞ்சம் காரல் மீன், நிறையச் சொறி என்னும் ஜெல்லி மீன். இரண்டு பிள்ளைகளுக்குக் கை தடித்துவிட்டது. செவிலியர் ஒருவரை உட்கார வைத்திருந்தோம், பிழைத்தோம்.

தண்ணீரில்தான் கோட்டை விட்டோம். காலை எட்டு மணிக்கு வர வேண்டிய லாரி பத்தரைக்கும் வரவில்லை, கைபேசியும் எடுக்கவில்லை. பங்குனி வெயிலில் இருநூறு பேர். ஓலை முடைந்து காட்ட வந்திருந்த அப்பத்தா ஒருவர் நிலைமையைப் பார்த்துவிட்டு, ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு மணல்மேட்டுப் பக்கம் நடந்தார். பின்னாலேயே நான்கு பெண்கள். முழங்கால் ஆழத்துக்குக் கையாலேயே தோண்டினார்கள். அடியில் மணல் கறுத்தது, மெதுவாகக் கசிந்தது. முதல் சிரட்டையைக் கொட்டினார், இரண்டாவதையும் கொட்டினார், மூன்றாவதை வாயில் வைத்துப் பார்த்து, "ம்" என்று தலையாட்டினார். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஊற்றில் நல்ல தண்ணீர். நிகழ்ச்சி நிரலில் இல்லாத இதைச் சுற்றித்தான் அன்று பெரிய கூட்டம். ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் என்று குடத்தைக் கட்டிக்கொண்டே நின்றது ஒரு சிறுமி.

ஆனால் சிரட்டையால் இருநூறு பேருக்குத் தாகம் தீருமா? கடையில் இருந்த கேன்கள் அத்தனையும் இரட்டை விலைக்கு வாங்கினோம். லாரி மாலை நான்கு மணிக்கு, எல்லோரும் போன பிறகு வந்து நின்றது. ஓட்டுநர் முழு வாடகைக்கு ரசீது நீட்டினார். நான் பாதிதான் தருவேன் என்றேன். இன்று காலையும் மீதிக்குப் போன் செய்தார்.