பந்தை வெளியே போடப் பார்த்த அந்த இரவு

போன வருடம் 2025 ஜூன் 4 அன்று நானும் அக்கா மகளும் டல்லாஸிலிருந்து ஓக்லஹோமா சிட்டிக்குக் காரில் கிளம்பினோம். ஐ-35 நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேர் வடக்கே 200 மைல், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அவளுக்கு 12 வயது, பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆட்டத்தில் கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவள். வழியெல்லாம் மடியில் கையுறையை வைத்துக்கொண்டே வந்தாள். அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் சாஃப்ட்பால் உலகத் தொடர், மூன்று ஆட்டம் கொண்ட அதன் இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம். டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகமும் மோதின. இரண்டும் ஒரே மாநிலத்து அணிகள், இரண்டுமே அதுவரை இந்தக் கோப்பையைத் தொட்டதில்லை.

இந்தத் தொடர் முதலில் 1969-ல் ஒமாஹாவில் நடந்தது. 1990-லிருந்து, 1996 ஒரு வருடம் தவிர, ஓக்லஹோமா சிட்டிதான் இதற்கு வீடு. மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில் டெவன் பார்க் என்று ஒரு அரங்கம் இருக்கிறது, சாஃப்ட்பாலுக்காகவே கட்டியது. மேல்தளம் சேர்த்த பிறகு சுமார் 13,000 பேர் உட்காரலாம். நாங்கள் போனபோது இருக்கைகளெல்லாம் நிரம்பிக்கொண்டிருந்தன. பெண்கள் ஆடும் ஆட்டத்துக்காகவே எழும்பிய ஒரு அரங்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, படியேறி அந்தச் செம்மண் களம் கண்ணில் பட்டதும் தொண்டை அடைத்துவிட்டது. சும்மா சொல்லவில்லை.

கூட்டத்தில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் அரக்குச் சிவப்புச் சட்டைகளும் நிறையத் தெரிந்தன. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை ஜெயித்த அணி அது. அந்த முறை அரையிறுதியில் டெக்சாஸ் டெக்கிடம் 3-2 என்று தோற்று வெளியேறியிருந்தது. தங்கள் அணி இல்லாத இறுதிப் போட்டிக்கும் வந்து உட்கார்ந்து கைதட்டுகிறார்கள் பாருங்கள், அந்த ஊர்க்காரர்களை எனக்கு அங்கேயே பிடித்துப் போனது.

எனக்கு கிரிக்கெட்தான் தெரியும். அதனால் பக்கத்தில் இருந்தவள்தான் குரு. பந்து எறியும் இடத்திலிருந்து மட்டையாளர் நிற்கும் இடம் வரை 43 அடி, அதாவது நம் கிரிக்கெட் ஆடுகளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். அங்கிருந்து கை கீழிருந்து சுழன்று மணிக்கு 70 மைல் வேகத்தில் பந்து வந்தால், அடிப்பவருக்குக் கிடைப்பது அரை நொடிகூட இல்லை. "சித்தி, கை சுத்துறதப் பாக்காதீங்க, இடுப்புகிட்ட பந்து வெளிய வர்ற இடத்த மட்டும் பாருங்க" என்றாள். அவள் சொன்னபடி பார்த்த பிறகுதான் எனக்கு மஞ்சள் பந்தே கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது! இடது கை ஆட்டக்காரர்கள் சிலர் பந்து வரும்போதே ஓட ஆரம்பித்து, ஓடிக்கொண்டே அதைத் தட்டிவிடுகிறார்கள். அடித்தவர் முதலில் ஓடிச் சேர வேண்டிய இடமான முதல் பேஸுக்கு 60 அடிதான், ஃபீல்டர் பந்தை எடுக்க ஒரு கணம் தடுமாறினாலும் போச்சு. போதாததற்கு டக்அவுட்டில், அதாவது களத்தோரத்தில் அணி உட்காரும் இடத்தில், இருக்கும் பெண்கள் ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு, ஒரு கைதட்டல். வெளியே உட்கார்ந்திருப்பவர்களும் ஆட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

டெக்சாஸ் டெக்குக்குப் பந்து எறியும் பிட்சர் நைஜாரி கனடி. ஸ்டான்ஃபோர்டிலிருந்து பத்து லட்சம் டாலருக்கும் மேலான ஒப்பந்தத்தோடு வந்தவர், அந்த அணி இந்தத் தொடருக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. அவர் எறியும்போது கேட்சரின் கையுறையில் பந்து விழும் சத்தம் நாங்கள் இருந்த வரிசை வரைக்கும் கேட்டது. இரண்டு அணியும் மாறி மாறி அடிக்கும் சுற்றுதான் இங்கே இன்னிங்ஸ், ஆறாவது இன்னிங்ஸ் வரை 1-0 என்று டெக்சாஸ் டெக்தான் முன்னணி. அப்போது டெக்சாஸுக்கு இரண்டு பேர் பேஸில் நிற்க, ரீஸ் அட்வுட் மட்டையோடு வந்தார். அவரை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்து, கனடி பந்தை வெளியே வெளியே போட்டார். அரங்கமே கொஞ்சம் தளர்ந்து பேச ஆரம்பித்திருந்தது. அதில் ஒரு பந்து மட்டும் போதுமான அளவு தள்ளிப் போகவில்லை. அட்வுட் எட்டி அடித்தார், பந்து இடது பக்கம் விழுந்தது, பேஸில் நின்ற இரண்டு பேரும் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டார்கள். 2-1. அப்படியே முடிந்தது.

என்னைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்று கத்துகிறார்கள், நான் கனடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த பந்துக்குத் தயாராகிவிட்டார்.

மற்ற இரண்டு ஆட்டங்களையும் டல்லாஸில் டிவியில் பார்த்தோம். மறுநாளே கனடி எறிந்து டெக்சாஸ் டெக் 4-3 என்று ஜெயித்தது. 6-ஆம் தேதி மூன்றாவது ஆட்டத்தில் அவரால் ஒரு இன்னிங்ஸுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை, பாவம், அத்தனை பந்து எறிந்த கை. டெக்சாஸின் மியா ஸ்காட் மூன்று பேஸும் நிறைந்திருக்க, நம் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டும் ஒரு ஹோம் ரன் அடித்தார், டெக்சாஸ் 10-4 என்று ஜெயித்து முதல் கோப்பையை எடுத்தது. முழங்கால் தசைநார் கிழிந்த நிலையில்தான் ஸ்காட் ஆடினார் என்று அப்புறம் தெரிந்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை.

முதல் ஆட்டம் முடிந்த அன்றிரவே திரும்பிவிட்டோம். காரில் இவள் தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ரெட் ரிவர் பாலத்தில் ஏறும்போது நடுநிசி தாண்டியிருந்தது. இருட்டில் குரல் மட்டும் வந்தது. "சித்தி, அந்தப் பந்துக்கு கேட்சர் கையை இன்னும் தள்ளிக் காட்டியிருக்கணும்."