ரம் தீவு: செம்மான்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் மல்லேக் துறையிலிருந்து ரம் தீவுக்குப் படகு. ஒவ்வொரு கிழமைக்கும் நேரம் மாறும். திரும்பும் படகையும் பார்த்துவிட்டே கிளம்புங்கள். இறங்குவது கின்லாக்கில். செம்மான்கள் மேயும் கில்மோரி அங்கிருந்து கரட்டுப் பாதையில் சுமார் 8 கிலோமீட்டர். போக மட்டும் இரண்டு மணி நேரம் வையுங்கள். அக்டோபர் நல்லது. கலைகள் (ஆண் மான்கள்) உறுமிக்கொண்டு பிணைகளை (பெண் மான்களை) வளைத்துக் காவல் காக்கும் மாதம் அது, பொடிக்கொசுத் தொல்லையும் தணிந்திருக்கும். பாதையை விட்டு இறங்காமல் தொலைநோக்கியால் பாருங்கள்.

1953 முதல் இங்கே மான் ஆய்வு நடக்கிறது. தீவின் பழைய மான்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அழிந்துபோயின. இப்போது இருப்பவை அடுத்த நூற்றாண்டில் வேட்டைக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழிவந்தவை. ஒரே மந்தையிலிருந்து வராததால் மரபணுப் பன்மை, அதாவது மானுக்கு மான் மரபணுவில் இருக்கும் வேறுபாடு, அவ்வளவு மோசமில்லை. மத்தியதரைக் கடலின் கோர்சிகா தீவிலும் செம்மான் அழிந்து, 1985இல் சார்டீனியாவிலிருந்து மறுபடி வந்தது. சார்டீனியாவிலேயே மான்கள் அருகிப்போயிருந்ததால் கோர்சிகா மான்களிடம் பன்மை குறைவு.

கில்மோரியில் நின்று தலைகளை எண்ணினால் ஏமாந்துபோவோம். உதாரணத்துக்கு, 10 கலைகள் 100 பிணைகளோடு சேர்கின்றன என்று வையுங்கள். பன்மையைக் காப்பதில் இந்த மந்தை எத்தனை மான்களுக்குச் சமம் என்பதற்குக் கணக்கு: 4 × கலைகள் × பிணைகள் ÷ மொத்தம். 4×10×100 ÷ 110, அதாவது ஏறக்குறைய 36. கண்ணுக்குத் தெரிவது 110. மரபுக் கணக்கில் 36தான். தலைமுறைக்கு அதன் இருமடங்கான 72இல் ஒரு பங்கு, சுமார் 1.4 சதவீதப் பன்மை கரையும். புதிய மான் கடல் தாண்டி வராதவரை அது திரும்பாது.

மே, ஜூனில் குட்டி பிறந்த சில நாட்களுக்குள் ஆய்வாளர்கள் அதைப் பிடித்து, எடை பார்த்து, காதில் அடையாளமிட்டு, மரபணுச் சோதனைக்குத் துளி தோல் எடுத்துக்கொள்கிறார்கள். தாய் எது என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். தகப்பன் விஷயம் அப்படியல்ல: அக்டோபரில் பிணையைக் காவல் காத்த கலையே தகப்பன் என்று நம்ப முடியாது. மரபணுச் சோதனைதான் தீர்ப்புச் சொல்லும். பிடிக்க முடியாத கலைகளுக்கு வசந்தத்தில் உதிரும் கொம்பு போதும்.

கொம்பு மழையிலும் வெயிலிலும் நாட்பட்டுக் கிடந்திருந்தால்தான் சிக்கல். சோதனைக்காக மரபணுவை நகலெடுத்துப் பெருக்குவார்கள்; சிதைந்த மாதிரியில் தாய்வழி, தந்தைவழிப் பிரதிகளில் ஒன்று பெருகாமல் போகலாம். வேறுபட்ட இரண்டு இருந்த இடத்தில் ஒன்றே தெரியும். நல்ல மான் நெருங்கிய உறவில் பிறந்ததுபோலக் கணக்கில் ஏறிவிடும். அதனால் ஒரே மாதிரியைப் பலமுறை பெருக்கி ஒப்பிட வேண்டும். இந்தக் கவனம் வீண் கெடுபிடி அல்ல: நெருங்கிய உறவுக்குள் பிறந்த குட்டிகள் முதல் ஆண்டைத் தாண்டும் வாய்ப்புக் குறைவு என்று ரம் தரவுகளே காட்டியிருக்கின்றன.