'ஸ்லாக்' பறித்த இரண்டு மதிப்பெண்

உயர்நிலை நான்கில் பிரிலிம் ஆங்கிலத் தாள். கருத்தறிதல் பகுதியில், 'ஸ்லாக் வாட்டர்' (slack water) வரும்வரை படகோட்டி காத்திருந்தான் என்று ஒரு வரி. அதைச் சொந்தச் சொற்களில் விளக்க வேண்டும். நம் சிங்கப்பூரில் 'ஸ்லாக்' என்றால் ஓபி அடிப்பது. தேசிய சேவைக்குப் போன அண்ணன் தன் பிரிவைப் பற்றிப் பெருமையாகச் சொல்வது. அந்தத் தைரியத்தில் சோம்பேறித் தண்ணீர் என்கிற மாதிரி எழுதிவைத்தேன். இரண்டு மதிப்பெண் போச்சு. கடல் ஏற்றமும் இறக்கமும் மாறும் இடைவெளியில் நீரோட்டம் கிட்டத்தட்ட நின்றுபோகுமே, அதுதான் 'ஸ்லாக் வாட்டர்'.

அப்புறம் அகராதியைப் புரட்டினால் ஒரு வேடிக்கை. சோம்பல்தான் அந்தச் சொல்லின் மூத்த பொருள். பழைய ஆங்கிலத்தில் அது மெத்தனமான ஆளைக் குறித்தது; தொய்ந்த கயிற்றுக்கு வந்து சேர்ந்தது 1300 வாக்கில்தான். கயிற்றிலிருந்து ஆளுக்குப் போயிருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அன்று முதல் ஒரு பழக்கம். நோட்டில் சொல்லை நடுவில் எழுதி, அது எதன்மேல் உட்காருகிறதோ அதற்கேற்ற தமிழைச் சுற்றி எழுதுவேன். கயிறு என்றால் தொய்வு, வியாபாரம் என்றால் மந்தம், வேலை என்றால் மெத்தனம். ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்து ஓட்டும் இடத்தில் தமிழ் மூன்றாகப் பிரித்துத் தந்துவிடுகிறது. தேர்வில் எது பொருந்தும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லே காட்டிக்கொடுக்கும். அகராதியின் முதல் பொருளை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

உறவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லத்தீன் 'லாக்ஸஸ்' இதற்குத் தூரத்துச் சொந்தம்; 'ரிலாக்ஸ்', 'ரிலீஸ்' இரண்டும் அதன் வாரிசுகள். எனக்குப் பிடித்தது 'ஸ்லேக்' (slake): தாகம் தணிப்பது. வேதியியலில் படித்த 'ஸ்லேக்டு லைம்' அதே சொல்தான். சுட்ட சுண்ணாம்பு தண்ணீரைக் குடித்து, கொதித்து, பொரிந்து அடங்கும். பாட்டி வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பைப் பார்த்த பிறகு அந்தச் சொல் மறக்கவே இல்லை. ஆனால் நிலக்கரித் தூளையும் 'ஸ்லாக்' என்பார்கள். அது அநேகமாக டச்சுப் பக்கமிருந்து வந்த வேறு சொல், எழுத்து மட்டும்தான் ஒன்று. இழுத்துப் பிடித்து உறவாக்க வேண்டாம்.

'லூஸ்' தனிக் கதை. வைக்கிங்குகளின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. 'ஹோம்லெஸ்' என்பதன் வால் அதற்குச் சொந்தம். நாம் அதை 'லூசு' ஆக்கி, திட்டுவதற்கு வைத்துக்கொண்டோம். ஓ இரண்டு உள்ள 'loose' தளர்வு, ஒன்று உள்ள 'lose' இழப்பு என்று எழுத்துப்பிழைக்கு ஒரு குறிப்பு வைத்திருந்தேன். ஓர் ஓ தொலைந்துபோனால் இழப்புதானே.

ஓ லெவல் தாளில் 'ஸ்லாக்' வரவே இல்லை. வார விடுமுறைக்கு வந்த அண்ணனிடம், உன் பிரிவுக்குத்தான் ஆயிரம் வருஷத்துப் பொருள் பொருந்துகிறது என்றேன். "சரி, நல்லது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.