புது பிளக் போட்டும் போகாத மிஸ்ஸிங்

பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் மூன்றாவது கியரில் போகும்போதுதான் அந்த மிஸ்ஸிங் வரும், அதாவது ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் தவறும். பின்னாலிருந்து யாரோ வண்டியை இழுத்து இழுத்து விடுவதுபோல ஒரு குலுக்கல். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கூடும், காலைத் தளர்த்தினால் அடங்கிவிடும். சமதரையில் ஒன்றும் இருக்காது. ஐட்லிங்கில் பானெட்டின் மேல் தண்ணீர் டம்ளரை வைக்கலாம், அவ்வளவு அமைதி. ஈரமான காலை நேரங்களில் மட்டும் கிளம்பிய சில நிமிடங்களிலேயே திணறத் தொடங்கிவிடும்.

வண்டி 1997ஆம் ஆண்டு வந்த பெட்ரோல் பிக்அப். நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர் இன்ஜின், மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், அதிலிருந்து கிளம்பும் நான்கு பிளக் வயர்கள். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் தண்டு இரண்டு இருப்பதால், பொறி போடும் பிளக்குகள் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் நடுவில், ஆழமான குழாய்களுக்குள் உட்கார்ந்திருக்கும். அப்பா வாங்கிய வண்டி இது. அவர் காலத்தில் ஒருநாளும் வழியில் நின்றதில்லை என்பதால், என் கையில் வந்த பிறகு அது திணறுவதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒருநாள் மேட்டில் ஏறும்போது இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. இந்த விளக்கு நிலையாக எரிவதும் மின்னுவதும் ஒன்றல்ல. மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, அது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதையே உருக்கிவிடக்கூடும் என்று பொருள். உடனே வேகத்தைக் குறைத்து, மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். மின்னும் விளக்கோடு வண்டியை விரட்டுவது, சிறிய செலவைப் பெரிய செலவாக மாற்றிக்கொள்வது.

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி 2, அதாவது வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் இணைப்பு, இந்த வண்டியிலும் இருக்கிறது. ஸ்கேனரைச் செருகியதும் பி0303 என்று வந்தது. பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர், அதாவது மிஸ்ஸிங். கடைசி இலக்கம் 1, 2, 3 என்று வந்தால் அது சிலிண்டரின் எண். கம்ப்யூட்டர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் நான்கு சிலிண்டர்களும் 1-3-4-2 என்ற வரிசையில் ஒவ்வொரு முறை எரிய வேண்டும். ஒவ்வொரு எரிப்பும் கிராங்க்கை ஒரு தள்ளு தள்ளும். ஒரு தள்ளு வராமல் போனால் அந்த இடத்தில் சுழற்சி மிகச் சிறிதளவு தளரும். 1,800 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் நொடிக்கு 15 முறை எரிகிறது. அதில் சில தவறினாலும் சென்சார் கணக்கு வைத்துக்கொள்கிறது.

குறியீடு மூன்றாவது சிலிண்டர் என்று சொல்லும், அவ்வளவுதான். பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, அழுத்தம் இல்லையா என்பதை அது சொல்லாது. அதை நாம்தான் தேட வேண்டும். நான் தேடவில்லை. பிளக் மாற்றி வெகுநாளாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் நான்கு புது பிளக்குகள் வாங்கி வந்துவிட்டேன்.

அன்று உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். பிளக்குகள் கழற்றியிருக்கும்போதே கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், எவ்வளவு என்று பார்த்தேன். இன்ஜின் சூடாக இருக்க, பெட்ரோலையும் பொறியையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் நான்கிலும் 165 முதல் 172 பிஎஸ்ஐக்குள் நின்றது. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் கருகிய வால்வு, தேய்ந்த ரிங், போன ஹெட் கேஸ்கெட் என்று பயப்பட வேண்டியிருக்கும். அந்தப் பயம் அன்றோடு போயிற்று.

பழைய பிளக்குகளின் நுனியைப் பார்த்தேன். நான்கும் வெளிர் பழுப்பு, ஆரோக்கியமான நிறம். நுனியை மட்டும் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டேன். மூன்றாவதைக் கழற்றிய சாக்கெட்டில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டி வந்தது. எப்போதோ இன்ஜின் ஆயில் ஊற்றும்போது சிந்தியிருக்கும் என்று துடைத்துவிட்டேன்.

பதினொரு நாட்கள் வண்டி அற்புதமாக ஓடியது. பன்னிரண்டாம் நாள் காலை, தூறலில், அதே மேட்டில், அதே குலுக்கல். அதே பி0303.

இந்த முறை எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். குறியீடு பதிவான நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருக்கும். 1,900 ஆர்பிஎம், பளு 80 சதவீதத்துக்கு மேல், இன்ஜின் முழுச் சூட்டில். அதோடு எரிபொருள் திருத்தம் என்ற எண்ணையும் பார்த்தேன். மிதமான ஏற்றத்தில் 9 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கிறது. எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது என்று ஒரு நாள் முழுவதும் வேக்கம் குழாய்களைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒன்றில் உண்மையிலேயே வெடிப்பு இருந்தது. மாற்றினேன். குலுக்கல் அசையவில்லை.

பிறகுதான் இரண்டு விஷயங்கள் உறைத்தன. காற்றுக் கசிவு என்றால் ஐட்லிங்கில் திருத்தம் அதிகமாகவும், ஆர்பிஎம் ஏற ஏறக் குறைவாகவும் இருக்க வேண்டும். என் வண்டியில் தலைகீழ், ஐட்லிங்கில் வெறும் 3 சதவீதம். இரண்டாவது, இந்தத் திருத்தத்துக்குக் கம்ப்யூட்டர் நம்பும், புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. பெயருக்கேற்ப ஆக்சிஜனைத்தான் அளக்கிறது. ஒரு சிலிண்டரில் பொறி தவறினால் அதிலிருந்த காற்று செலவாகாமல் அப்படியே வெளியேறும். சென்சார் அதைப் பார்த்து, ‘பெட்ரோல் குறைவு’ என்று சொல்லிவிடும். எண் பொய் சொல்லவில்லை, நான் அதைத் தவறாகப் படித்திருந்தேன்.

பளுவில் மட்டும் வருகிறது, ஈரத்தில் கூடுகிறது. இரண்டும் சேர்ந்தால் பொறியின் பக்கம்தான் சந்தேகம் போக வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாக அடைபடுகிறது. அந்த நெரிசலைத் தாண்டிப் பொறி குதிக்க அதிக வோல்ட் தேவை. வோல்ட் ஏற ஏற, மின்சாரம் வெளியேற இன்னொரு சுலபமான வழி இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அந்த வழியே போய்விடும்.

மல்டிமீட்டரில் நான்கு வயர்களையும் அளந்தேன். நீளத்துக்கு ஏற்றபடி எல்லாம் சரியான ஓம். மூன்றாவது வயரின் நுனியில் பிளக்கின் மேல் மாட்டும் ரப்பர் கேப் கொஞ்சம் வழவழப்பாக இருந்தது, மறுபடியும் துடைத்துவிட்டேன். இரவு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, இன்ஜின் ஓடும்போது வயர்கள் மேல் தண்ணீரைப் புகையாகத் தெளித்துப் பார்த்தேன். கசிவு இருந்தால் இருட்டில் நீலப் பொறிகள் ஓடுவது தெரியும். ஒன்றும் தெரியவில்லை.

மீட்டர் அனுப்புவது சில வோல்ட். பிளக்குக்குப் போவது பல்லாயிரம் வோல்ட். உள்ளே இருக்கும் கம்பி அறுபடாமல் இருக்கிறது என்று மட்டும்தான் மீட்டர் சாட்சி சொல்லும். மேலே போர்த்திய ரப்பர் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துமா என்பது அதற்குத் தெரியாது. கசிவு வயரில் இல்லாமல் ஆழமான குழாய்க்குள் இருந்தால் இருட்டிலும் கண்ணுக்குத் தெரியாது.

மிஞ்சியது இடம் மாற்றும் சோதனை. மூன்றாவது வயரை இரண்டாவதற்கும், இரண்டாவதை மூன்றாவதற்கும் மாற்றினேன். வயரின் இரண்டு முனைகளையும் மாற்ற வேண்டும். பிளக் பக்கம் மட்டும் மாற்றினால் எரியும் வரிசையே குழம்பி, வண்டி வெடித்து வெடித்து இருமும். டேப்பில் எண் எழுதி ஒட்டிக்கொண்டு செய்தேன். வயர்தான் குற்றவாளி என்றால் குறியீடு பி0302 என்று மாற வேண்டும். குற்றம் வேறெங்காவது என்றால் பி0303 என்றே நிற்க வேண்டும்.

பாரத்தோடு மேட்டில் ஏறி இறங்கி வந்து ஸ்கேனரைப் பார்த்தேன். பி0302, பி0303. இரண்டும்!

அன்று மாலை முழுவதும் அந்த இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியாக இருக்குமோ, கம்ப்யூட்டரே போய்விட்டதோ என்றெல்லாம் மனம் அலைந்தது. மறுநாள் காலை இரண்டு பிளக்குகளையும் கழற்றி, இந்த முறை நுனியை விட்டுவிட்டு, மேலே உள்ள வெள்ளைப் பீங்கானைப் பார்த்தேன்.

மூன்றாவது பிளக்கில், மேல் முனையிலிருந்து கீழே இரும்பு வளையம் வரை, பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினேன், பெட்ரோலில் துடைத்தேன். போகவில்லை. மின்சாரம் சிலிண்டருக்குள் போகாமல் பீங்கானின் வெளிப்புறமாகவே இறங்கி ஹெட்டுக்குப் போன தடம் அது. ஒருமுறை கரி பிடித்த பாதையில் அடுத்த முறை இன்னும் சுலபமாக இறங்கும். மூன்றாவது வயரின் ரப்பர் கேப்பை பிளேடால் நெடுக்காகக் கிழித்து விரித்தேன். உட்சுவரில் அதே நீளத்தில், அதே வளைவோடு இன்னொரு கோடு, கண்ணாடியில் பார்ப்பதுபோல. இரண்டாவது பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், அதிலும் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தொடங்கியிருந்தது.

இரண்டு குறியீடு வந்த மர்மம் அங்கே அவிழ்ந்தது. கெட்ட கேப், நல்ல பிளக்கையும் கெடுக்கும். கெட்ட பிளக், நல்ல கேப் போட்டாலும் திணறும். நான் புது பிளக் போட்டபோது பீங்கான் சுத்தமாக இருந்ததால் தடத்தின் ஒரு பாதி மட்டும் அழிந்தது. கேப்பிலிருந்த மறுபாதி, பதினொரு நாட்களில் புது பிளக்கிலும் தன் கோட்டை வரைந்துவிட்டது. பழைய பிளக்குகளை எறிந்திராவிட்டால் அன்றைக்கே இந்தக் கோட்டைப் பார்த்திருப்பேன்.

வயர் செட்டும் பிளக்கும் வாங்கக் கிளம்பும் முன், அப்பா காலத்திலிருந்தே இந்த வண்டியை அறிந்த மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கேப் ஏன் கெட்டது என்று பார்த்தீர்களா தம்பி?” என்றார். பழசாகிவிட்டது அண்ணா என்றேன். “நான்கும் ஒரே வயதுதானே? மூன்று மட்டும் ஏன்?”

அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. சாக்கெட்டில் ஒட்டிய எண்ணெய், வழவழத்த கேப் இரண்டும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. டார்ச் அடித்து மூன்றாவது குழாய்க்குள் பார்த்தேன். அடியில் எண்ணெய் பளபளத்தது.

இன்ஜினின் மேல் மூடியான டாப்பெட் கவருக்கும் பிளக் குழாய்க்கும் நடுவே வட்டமான ரப்பர் சீல் ஒன்று உண்டு. வருடக்கணக்கான சூட்டில் அது இறுகிப் பிளாஸ்டிக்போல ஆகிவிடும். பிறகு கேம்ஷாஃப்ட் பக்கமிருந்து எண்ணெய் துளித்துளியாகக் குழாய்க்குள் இறங்கும். எண்ணெயில் ஊறிய ரப்பர் கேப் உப்பி, தளர்ந்து, பீங்கானைக் கவ்விப் பிடிக்கும் பிடியை இழந்துவிடும். அந்த இடைவெளிதான் மின்சாரத்துக்குக் கிடைத்த சுலபமான வழி.

டாப்பெட் கவரைத் திறந்தபோது பழைய சீல் விரலில் வளையாமல் இரண்டாக ஒடிந்தது. புது கேஸ்கெட், நான்கு சீல், நான்கு வயர், நான்கு பிளக் என்று எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினேன். இதில் ஒன்றை விட்டாலும் மற்றவை வீண். குழாயில் தேங்கிய எண்ணெயைத் துணியால் முழுவதும் ஒற்றி எடுத்த பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். கவர் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேட்டில் உள்ள அளவுக்கு மேல் போகாமல் இறுக்கினேன். கசிவுக்குப் பயந்து முறுக்கினால் கேஸ்கெட் நசுங்கி, கசிவை நாமே உண்டாக்கிவிடுவோம்.

அடுத்த தூறல் நாளுக்காகக் காத்திருந்தேன். வந்தது. பின்னால் பாரம், மூன்றாவது கியர், அதே மேடு. பாதி வழியில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினேன். வண்டி இழுத்துக்கொண்டு ஏறியது.

ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மூன்றாவது கேப்பை உருவி, நீளமான கம்பியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் குழாயின் அடிவரை விட்டு எடுத்தேன். துணி வெள்ளையாகவே வெளியே வந்தது.