மோட்டர் ஓடுது, காத்து ஓடல

ரெண்டு நாளா குன்னூர்ல விடாம மழை, கரண்டும் வந்து வந்து போகுது, வெளி வேலைக்குப் போக வழியில்ல, அதனால ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச ஒரு விஷயத்த இன்னிக்கு எழுதிடறேன். வயரிங் வேலை நான் கத்துக்கிட்டது டீ ஃபேக்டரில. அங்க இலை வாட்டுற ட்ரஃப்ஃபுக்கு சூடு வெறகு அடுப்புல இருந்து வரும், நமக்கு ஃபேன் மோட்டரும் ஸ்டார்ட்டரும் மட்டும்தான். இப்ப மலை மேல ஓட்டல், ரிசார்ட், கல்யாண மண்டபம்னு எல்லா எடத்துலயும் டக்ட்டுக்குள்ள கரண்ட் ஹீட்டர் வெச்சு ஹாலுக்கு சூடான காத்து அடிக்கறாங்க. இந்த வேலை வேற. ஃபேன் மோட்டர் மாதிரி நெனச்சு இதுல கை வெச்சா ஒருநாள் நெருப்புதான்.

ஒரு மண்டபத்துல நடந்தத சொல்றேன், பேரு வேண்டாம். 18 கிலோவாட் ஹீட்டர், டக்ட் உள்ள ஒம்போது ராடு, அதுக்கு முன்னாடி காத்து தள்ள பெல்ட் போட்ட ப்ளோவர் ஃபேன். நவம்பர் மழைல ஒரு ரிசப்ஷன் அன்னிக்கு சாயங்காலம் ஹீட்டர் ஆன் ஆகல. மெயின்டனன்ஸ் தம்பி பேனல தெறந்து பாத்திருக்கான், காத்து ஓடுதான்னு பாக்கற ப்ரெஷர் ஸ்விட்ச் மேக் ஆகல, அதாவது உள்ள ஒட்டி லைன் குடுக்கல, ஹால்ல பொண்ணு வீட்டுக்காரங்க குளிருதுன்னு கத்தறாங்க, அவன் அந்த ரெண்டு டெர்மினலுக்கும் நடுவுல ஒரு வயர போட்டு டைரக்ட் பண்ணி விட்டுட்டான். ஹீட்டர் ஓடிச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், அந்த வயர் அப்படியே இருந்துடுச்சு.

ஜனவரில, நல்ல பனி விழற சமயம், ராத்திரி ப்ளோவர் பெல்ட் அந்துபோச்சு. மோட்டர் பாட்டுக்கு சுத்துது, ஃபேன் கான்டாக்டர் (உள்ள இருக்கற காயிலுக்கு கரண்ட் வந்தா ஒட்டி லைன் குடுக்கற பெரிய ஸ்விட்ச்) ஆன், பேனல்ல பச்சை லைட்டு எரியுது. காத்து மட்டும் ஓடல. ஹீட்டர் ராடெல்லாம் செவந்துடுச்சு. சூடு அளவு தாண்டினா கட் பண்ற ஹைலிமிட் தெர்மோஸ்டாட் தன் வேலைய செஞ்சு ஹீட்டர் கான்டாக்டர் காயிலுக்குப் போற லைன கட் பண்ணியிருக்கு, ஆனா ஹீட்டர் கான்டாக்டர்ல ரெண்டு காண்டாக்ட் ஏற்கனவே ஒட்டிப்போயிருந்துச்சு, அதனால காயில் விட்டும் கரண்ட் போயிட்டே இருந்துச்சு. டக்ட் மேல சுத்தியிருந்த ஃபோம் கருக ஆரம்பிச்சிருக்கு. கல்யாணத்துக்கு வந்தவங்க பாதி பேரு அந்த ஹால்லயே படுத்திருந்தாங்க. விடியக்காலை சமையலுக்கு எழுந்த மாஸ்டருக்கு நாத்தம் அடிச்சு, ஓடிப்போய் மெயின எறக்கினாரு. அவரு எழலன்னா என்ன ஆகியிருக்கும்னு இன்னிக்கும் நெனச்சா வயித்த கலக்குது.

காலைல என்ன கூப்ட்டாங்க. டெர்மினல் பாக்ஸ தெறந்தா வயர் மேல இருந்த பிவிசி மெழுகு உருகின மாதிரி சொட்டி அடில ஒறஞ்சு கெடக்கு, வயர் முனைல மாட்டற லக்கெல்லாம் கருநீலமா ஆயிடுச்சு. பேனல்ல அந்த லிங்க் வயர் இருந்துச்சு, ஒரு விரல் நீளம்தான், நீல கலர், ரெண்டு முனையும் கையால முறுக்கி சொருகினது. அந்த தம்பி பக்கத்துல நின்னு அழுதுட்டான். அவன திட்ட எனக்கு மனசு வரல. அந்த ஸ்விட்ச் எதுக்கு இருக்குன்னு அவனுக்கு யாருமே சொன்னதில்ல, பேனல் போட்டவங்க ட்ராயிங் கூட குடுக்கல.

நெறைய பேரு ஃபேன் கான்டாக்டரோட ஆக்ஸிலரி காண்டாக்ட (அது கூடவே ஒட்டிப் பிரியற சின்ன ஸ்விட்ச்) ஹீட்டர் காயில் லைன்ல சீரீஸ் போட்டுட்டு, ஃபேன் இல்லாம ஹீட்டர் ஓடாத இன்டர்லாக் முடிஞ்சுதுன்னு போயிடறாங்க. அது ஃபேனுக்கு கரண்ட் போச்சான்னு மட்டும்தான் சொல்லும். பெல்ட் அந்தாலும், ஃபில்டர் அடைச்சாலும், மூணு ஃபேஸ்ல ரெண்டு மாறி ஃபேன் ரிவர்ஸ்ல சுத்தினாலும் அதுக்கு தெரியாது. அதனால ஆக்ஸிலரியும் வேணும், காத்த நேரா பாக்கற ஏர்ஃப்ளோ ஸ்விட்ச்சும் வேணும், ரெண்டும் சீரீஸ்ல, அதாவது எது ஒண்ணு விட்டாலும் ஹீட்டர் நிக்கற மாதிரி. அதுக்கு மேல ஹைலிமிட் ரெண்டு, ஒண்ணு தானா ரீசெட் ஆகறது, இன்னொன்னு கையால அமுக்கினாதான் ரீசெட் ஆகறது. இந்த கையால ரீசெட் பண்ற ஹைலிமிட்ட அதே கான்டாக்டர் காயில்ல போட்டா பிரயோஜனமே இல்ல, மேல சொன்ன மாதிரி காண்டாக்ட் ஒட்டிக்கிச்சுன்னா யாரு கட் பண்றது? ரெண்டாவதா ஒரு கான்டாக்டர் போட்டு இந்த ஹைலிமிட் அத எறக்கற மாதிரி பண்ணணும், இல்லன்னா ப்ரேக்கரயே விழ வெக்கற ஷன்ட் ட்ரிப்புக்கு குடுக்கணும். ஒரு கான்டாக்டர் காசு மிச்சம் பிடிக்கற எடம் இது இல்ல.

ஹீட்டர் ஆஃப் ஆனதும் ஃபேன் உடனே நிக்கக்கூடாது, டைமர் போட்டு ஒரு நாலஞ்சு நிமிஷம் ஓட விடணும், ராடுல இருக்கற சூடு வெளிய போகணும். நம்ம ஊர்ல பிரச்சனை என்னன்னா கரண்ட் போனா ஹீட்டரும் ஃபேனும் சேர்ந்தே நிக்கும், மிச்ச சூட்டுல ஹைலிமிட் விழும், திரும்ப கரண்ட் வந்தா யாராவது போய் ரீசெட் அமுக்கணும். மழைக்காலத்துல ஒரு நாளைக்கு நாலு தடவை இப்படி ஆனா எந்த ஸ்டாஃபுக்கும் எரிச்சல் வரும், டைரக்ட் பண்ணத்தான் தோணும். அதனால ஜெனரேட்டர் எடுத்ததும் ப்ளோவர் மட்டும் முதல்ல தானா ஓடற மாதிரி நான் வயரிங் பண்ணிடறேன், ஹீட்டர் ஜெனரேட்டர்ல வேண்டாம். அந்த மண்டபத்துல ப்ரெஷர் ஸ்விட்ச் ஏன் மேக் ஆகலன்னு தேடினப்பவும் காரணம் சின்னதுதான், டக்ட்ல இருந்து காத்தோட அழுத்தத்த ஸ்விட்ச்சுக்கு கொண்டு வர்ற சென்ஸிங் டியூப் தொங்கி வளைஞ்சு, அந்த வளைவுல மஞ்சுத் தண்ணி கோத்து நின்னிருந்துச்சு. டியூப கழட்டி ஊதினா போதும், இல்லன்னா சரிவா ஏத்திக் கட்டியிருந்தா தண்ணியே நின்னிருக்காது.

18 கிலோவாட்டுன்னா ஸ்டார்ல (மூணு ஃபேஸ் ராடோட ஒரு முனைய ஒண்ணா கட்டற கனெக்ஷன்) ஃபேஸுக்கு 25 ஆம்ப். இது மோட்டர் மாதிரி ஸ்டார்ட்டிங்ல ஏறி எறங்கறது இல்ல, ஆன் ஆனா மணிக்கணக்கா அதே 25 ஆம்ப், அதனால லூஸ் கனெக்ஷன் இருந்தா அங்கயேதான் வேகும். 6 ஸ்கொயர் எம்எம் வயர் தாங்கும்னு சொல்வாங்க, நான் காப்பர் 10 போடுவேன். ஹீட்டர் பாக்ஸுக்குள்ள பிவிசி வயர் கூடாது, அது 70 டிகிரிக்குதான், அங்க சிலிகான் ரப்பர் மேல கண்ணாடி நூல் பின்னின ஹீட் வயர்தான் போடணும். லக்க ப்ளையர்ல நசுக்காம க்ரிம்பிங் டூல்ல அடிக்கணும், சூடாகி ஆறி சூடாகி ஆறி ஸ்க்ரூ தளரும், ஒரு மாசம் கழிச்சு போய் மறுபடி டைட் பண்ணிட்டு வருவேன். அப்பறம் ஸ்டார்ல இருக்க வேண்டிய ராட தெரியாம டெல்டால (ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல) மாட்டிட்டா 230 வோல்ட் ராடுக்கு 415 வோல்ட் போகும், வாட்ஸ் மூணு மடங்கு ஆயிடும். ராடுங்கள சேக்கற லிங்க் பட்டைய ஒருவாட்டி கண்ணால பாத்துட்டு அப்பறம் சுவிட்ச போடுங்க.

எர்த்து பாடிக்கு தனித்தனியா ரெண்டு எடுக்கணும், அது ரூல்லயே இருக்கு, ப்ளோவர் மோட்டருக்கும் ரெண்டு, ஹீட்டர் பாக்ஸுக்கும் ரெண்டு. டக்ட் நடுவுல கேன்வாஸ் ஜாயின்ட் வரும் பாருங்க, அங்க எர்த் தொடர்ச்சி விட்டுப்போகும், காப்பர் பட்டையால தாண்டி கட்டணும்.

மழைக்காலம் முடிஞ்சு முதல் தடவை ஹீட்டர் போடறப்ப, எர்த்துக்கு கரண்ட் கசிஞ்சா விழற ஆர்சிசிபி ட்ரிப் ஆச்சுன்னா பயந்துக்காதீங்க, அதுக்காக ஆர்சிசிபிய கழட்டியும் வெக்காதீங்க. ராடுக்குள்ள இருக்கற வெள்ளைப் பவுடர் ஈரத்த இழுக்கும், மாசக்கணக்கா சும்மா கெடந்தா நம்ம மஞ்சுக்கு கேக்கவே வேண்டாம். லைன கழட்டிட்டு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் பாக்கற மீட்டர்) வெச்சு பாருங்க, 1 மெகா ஓமுக்கு கீழ காட்டினா ராட கழட்டி மெதுவா காய வெச்சு திரும்ப பாக்கணும். காஞ்சும் ஏறலன்னா அந்த ராடு போச்சு.

இன்னொன்னு, கோயமுத்தூர்ல இருந்து கேட்டலாக் பாத்து அனுப்பற ஹீட்டர அப்படியே ஊட்டில மாட்டறாங்க. ஊட்டி 2240 மீட்டர், காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கறதுல 80 சதவீதம்தான். அதே ப்ளோவர் அதே அளவு காத்து தள்ளினாலும் அந்தக் காத்து கம்மி சூட்டதான் எடுத்துட்டு போகும், ராடு கூடுதலா சூடாகும். மோட்டரும் சாதாரணமா 1000 மீட்டர் வரைக்கும்தான் கணக்கு போட்டு செய்யறாங்க. ஆர்டர் குடுக்கறப்பவே எந்த உயரத்துல மாட்டப்போறோம்னு எழுதிக் குடுத்துடுங்க.

மெயின் ஆஃப் பண்ணியும் எனக்கு ஒருவாட்டி ஷாக் அடிச்சிருக்கு. ப்ரேக்கர எறக்கிட்டேன், டெஸ்டர் வெச்சேன், மூணு ஃபேஸும் இல்ல, கைய விட்டேன், காயிலுக்குப் போற கன்ட்ரோல் சப்ளை லைட்டுக்கான டிஸ்ட்ரிப்யூஷன் போர்டுல இருந்து தனியா வந்திருக்கு. அன்னில இருந்து மெயின எறக்கி பூட்டு போட்டு சாவிய என் பாக்கெட்ல வெச்சுப்பேன், ஒவ்வொரு டெர்மினலையும் மல்டிமீட்டர்ல பாப்பேன், அதுக்கு முன்னாடி வேற ஒரு லைவ் பாயின்ட்ல மீட்டர் வேலை செய்யுதான்னும் பாத்துப்பேன். வேற எடத்துல இருந்து வர்ற சப்ளைக்கு பேனல் கதவுலயே தமிழ்ல எழுதி ஒட்டிடறேன்.

அந்த மண்டபத்துல இப்ப ரெண்டு கான்டாக்டர், புது ஏர்ஃப்ளோ ஸ்விட்ச், காத்து இல்லன்னா எரியற செவப்பு லைட்டு எல்லாம் போட்டாச்சு, ட்ராயிங்க லேமினேட் பண்ணி கதவுக்குள்ள ஒட்டியாச்சு. அந்த தம்பிக்கு ஒரு நாள் முழுக்க உக்காந்து ஒவ்வொரு வயரா சொல்லிக் குடுத்தேன். போன டிசம்பர்ல ராத்திரி பத்தரைக்கு அவன்கிட்ட இருந்து போன், "அண்ணா, செவப்பு லைட்டு எரியுதுங்ண்ணா, பெல்ட் நல்லாதான் இருக்கு, டியூப்லயும் தண்ணி இல்ல, நான் கை வைக்கல, நீங்க வாங்க"ன்னான். வண்டிய எடுத்துட்டு போனேன். ஃபில்டர் பூரா ஜமக்காள தூசி. கழுவிப் போட்டதும் லைட்டு அணைஞ்சுது.